ஒரு கிராம் காடோலினியம்

தெற்குச் சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் லோங்நான் என்றொரு ஊர். சுற்றிலும் செம்மண் குன்றுகள். அங்கே பாறையை உடைப்பதில்லை, சுரங்கம் தோண்டுவதும் இல்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள் வெயிலும் மழையும் பட்டு கிரானைட் மக்கிக் களிமண்ணானபோது, அதற்குள் இருந்த அருமண் உலோகங்கள் கரைந்து களிமண் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டன. 1969-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு டன் மண்ணில் அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை அருமண் ஆக்சைடுகள் தேறும். அதுவும் பதினைந்து பதினாறு உலோகங்கள் சேர்ந்த கலவை. நூற்றில் சில பங்குதான் காடோலினியம், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு நரம்பில் ஏற்றும் மருந்தின் உலோகம்.

எடுக்கிற முறை எளிது, விளைவு மோசம். குன்றின் மேல் துளையிட்டு அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை ஊற்றுகிறார்கள். கரைசல் மண்ணுக்குள் இறங்குகிறது. அம்மோனியம் அயனி களிமண்ணில் போய் உட்கார, அங்கே இருந்த உலோக அயனி இடம்பெயர்ந்து நீரோடு வந்துவிடுகிறது. அடிவாரத்தில் அந்த நீரைத் தொட்டிகளில் பிடித்து, உலோகத்தை வீழ்படிவாக்குகிறார்கள். மிச்ச அம்மோனியம் ஓடைக்கும் கிணற்றுக்கும் போகிறது. ஜியாங்ஷியில் கெடுபிடி கூடியதும் இதே வேலை எல்லை தாண்டி மியான்மரின் கச்சின் மாநிலத்து மலைகளுக்குப் போனது. தலைக்குள் இருப்பது கட்டியா வேறு நோயா என்று ஓர் ஊரில் சொல்வதற்கு, இன்னோர் ஊரின் ஓடை கொடுக்கிற விலை இது. ஸ்கேன் பில்லில் அது வராது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அருமண் உண்டு. அது மோனசைட். அதில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசானவைதான் மிகுதி. காடோலினியம் அதில் கொஞ்சம்தான். கனமான அருமண்களுக்கு உலகம் சீனாவையும் மியான்மரையும்தான் நம்பியிருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்த ஏழு உலோகங்களில் காடோலினியமும் ஒன்று. மின்சாரக் கார்களின் காந்தங்களைப் பற்றியே செய்திகள் கவலைப்பட்டன. ஸ்கேன் மையத்துக் குப்பியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

கலவையிலிருந்து இந்த ஒன்றைப் பிரிப்பது பெரும்பாடு. அருமண் உலோகங்கள் எல்லாம் ஒன்றுபோலவே நடந்துகொள்பவை. அமிலக் கரைசலுக்கும் எண்ணெய்க் கரைசலுக்கும் இடையே நூற்றுக்கணக்கான படிகளில் மாற்றி மாற்றிக் கலக்கி, ஒவ்வொரு படியிலும் துளித் துளியாக விலக்கினால்தான் கடைசியில் காடோலினியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி தனியே வரும். 1880-இல் ஜெனீவாவில் மரிஞ்ஞாக் இதை முதலில் அடையாளம் கண்டபோது நிறமாலைக் கோடுகளை வைத்துத்தான் இது வேறு தனிமம் என்று சொல்ல முடிந்தது. பின்லாந்து வேதியியலாளர் யோஹான் காடோலினின் பெயர் 1886-இல் ஒட்டிக்கொண்டது.

நூறாண்டு இதற்குப் பெரிய வேலை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு விசேஷம் உண்டு. காடோலினியம் அணுவின் உள்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் ஜோடி இல்லாமல் தனித்தனியே நிற்கின்றன. ஏழும் ஒரே திசையில் சுழல்வதால் அந்த அணு ஒரு சின்னஞ்சிறு காந்தம். உலோகமாக இருக்கும்போது 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இரும்பைப் போலவே காந்தத்தில் ஒட்டும். அதற்கு மேலே போனால் பிடியை விட்டுவிடும். கொடைக்கானல் இரவில் ஒட்டுகிற துண்டு மதுரை வெயிலில் விழுந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. எந்திரம் பார்ப்பது நீரை. உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களைப் பெரிய காந்தம் வரிசையில் நிறுத்துகிறது. ரேடியோ அலை அவற்றைச் சாய்க்கிறது. அவை மறுபடி நிமிர எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்பதே படமாகிறது. பக்கத்தில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் சீக்கிரம் நிமிரும். சீக்கிரம் நிமிர்கிற இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். இந்த யோசனையை முதலில் உயிருள்ள உடம்பில் சோதித்தவர், பின்னாளில் எம்.ஆர்.ஐ.க்காக நோபல் பரிசு பெற்ற பால் லாட்டர்பர். 1978-இல் நாய்களுக்கு மாங்கனீசு கொடுத்துப் பார்த்தார். வேலை செய்தது. மாங்கனீசில் ஐந்து தனி எலக்ட்ரான்கள்தான், காடோலினியத்தில் ஏழு. அப்படியானால் இதையே ஏற்றலாமே?

ஏற்ற முடியாது, விஷம். காடோலினியம் அயனியின் அளவு கால்சியம் அயனியின் அளவோடு ஒட்டிவருகிறது. நரம்பும் தசையும் இதயமும் கால்சியத்தை நம்பி ஓடுகின்றன. கால்சியம் நுழைய வேண்டிய வாயிலில் இது போய் அடைத்துக்கொள்ளும். ஆகவே இதைக் கட்டிப்போட ஏதாவது வேண்டும். கட்டும் மூலக்கூறு ஏற்கெனவே இருந்தது. டி.டி.பி.ஏ. என்பது அதன் பெயர். உடம்புக்குள் போய்விட்ட புளூட்டோனியத்தைப் பிடித்து வெளியேற்றப் பயன்பட்டது. சிறுநீரக ஸ்கேன்களிலும் உண்டு. அதற்கு எட்டுப் பிடிகள். காடோலினியத்தைச் சுற்றிலும் ஒன்பது இடங்கள். எட்டை டி.டி.பி.ஏ. பிடித்துக்கொள்ள, மிச்சமிருக்கும் ஒன்றில் ஒரு நீர் மூலக்கூறு வந்து உட்கார்ந்து உடனே எழுந்து போகும், அடுத்தது வரும். நொடிக்குப் பல லட்சம் தடவை. மருந்தின் சூட்சுமம் முழுக்க அந்த ஒன்பதாவது இடத்தில்தான். உலோகம் யாரையும் தொடாது, ஆனால் பக்கத்தில் வரும் நீரையெல்லாம் நிமிர்த்திவிடும்.

பெர்லினில் ஷெரிங் நிறுவனத்து வேதியியலாளர்கள், அவர்களில் ஹன்ஸ்-யோஆகிம் வைன்மான் முக்கியமானவர், 1981-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1984-இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் மூளைக் கட்டி நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்த அனுபவம் லான்செட் இதழில் வந்தது. 1988-இல் 'மேக்னெவிஸ்ட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பிரான்சிலிருந்து இன்னொரு வகை. அதில் கட்டும் மூலக்கூறு நீள நூலாக இல்லாமல் மூடிய கூண்டாக இருந்தது. அப்போது இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி குப்பியிலிருந்து நரம்புக்கு. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளாக வலது கை சொன்னபடி கேட்கவில்லை, பேச்சில் சொற்கள் தடுமாறுகின்றன. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது முன்பகுதியில் நான்கு சென்டிமீட்டரில் ஒரு வெள்ளைத் திட்டு. "மருந்து ஏத்தி எடுக்கணும்" என்கிறார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்தாயிற்று. கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போடுகிறார் டெக்னீஷியன். சாதாரண ஸ்கேனுக்கு நீலமே போதும். மருந்தை வேகமாகத் தள்ளிப் பார்க்கும் பெர்ஃப்யூஷன் வேண்டுமென்றால் பிங்க் அல்லது பச்சை. அதாவது குழாய் கொஞ்சம் பெரிது, குத்தும்போது வலியும் கொஞ்சம் கூட.

"கையை ஆட்டாம படுத்திருங்கக்கா. மருந்து ஏறும்போது ஜில்லுன்னு இருக்கும். அரிப்பு, மூச்சு முட்டல் எது வந்தாலும் இந்த பல்பை அமுக்குங்க."

உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் என்பது கணக்கு. அறுபது கிலோ என்றால் 12 மில்லி, நிறமற்ற கரைசல். அதற்குள் காடோலினியம் ஏறக்குறைய ஒரு கிராம். அதைத் தொடர்ந்து சலைன். கை நரம்பிலிருந்து இதயம், நுரையீரல், மறுபடி இதயம், கழுத்துத் தமனி வழியாகத் தலை. இவ்வளவுக்கும் இருபது நொடி போதும்.

உடம்பில் மற்ற இடங்களில் எல்லாம் இந்த மருந்து ரத்தக்குழாயை விட்டுத் தாராளமாக வெளியே கசியும். மூளையில் மட்டும் கசியாது. அங்கே நுண்குழாய்ச் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் தைக்கப்பட்டிருக்கின்றன. 1885-இல் இதே பெர்லினில் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது உறுப்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளை மட்டும் வெளுப்பாக நின்றது. மூளைக்குச் சாயம் பிடிக்கவில்லை போலும் என்று அவர் எண்ணினார். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே தடுப்பு இருக்கிறது என்பது பின்னால்தான் உறுதியானது.

அந்தத் தடுப்பு ஒழுங்காக இருக்கும்வரை காடோலினியத்துக்கு மூளையில் இடமில்லை. வந்த வழியே போய்விடும். சில இடங்களுக்கு மட்டும் இயல்பிலேயே தடுப்பு கிடையாது. பிட்யூட்டரி, மூளை நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னல், மூளைக்கு வெளியே மூக்கின் உட்சவ்வு. அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் நோய்த் திட்டைப் பார்க்கும் முன்னால் மூக்கைப் பார்ப்பார். மூக்கு ஒளிர்ந்தால் மருந்து சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் 'மருந்து பிடிக்கவில்லை' என்று எழுதிவிட்டு, பிறகு மருந்து கைத்தசையிலேயே தேங்கிப்போனது தெரிந்தால் யாருக்கும் பெருமை இல்லை.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், சில மருத்துவர்கள் உட்பட. மருந்து 'பிடித்தது' என்றவுடன் குடும்பமே கட்டி என்று முடிவு கட்டிவிடுகிறது. காடோலினியத்துக்குக் கட்டி தெரியாது, புற்று தெரியாது. தடுப்பு எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அங்கே கசியும், அவ்வளவுதான். யார் உடைத்தார்கள், எப்படி உடைத்தார்கள் என்பதைக் கசிந்த வடிவத்திலிருந்து மனிதர்தான் ஊகிக்க வேண்டும்.

உடைப்பவர்களில் ஒருவர் கிளையோபிளாஸ்டோமா, மூளைக் கட்டிகளில் மிகக் கொடியது. வளரும் வேகத்துக்கு ரத்தம் போதாமல் புதுக்குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. அவசரத்தில் முளைத்த குழாய்கள். தையல் சரியில்லை, ஓயாமல் கசியும். நடுவில் ரத்தம் எட்டாமல் திசு செத்துப்போகிறது; செத்த இடத்துக்கு மருந்து போகாது. ஆகவே படத்தில் ஒரு வெள்ளை வளையம், நடுவில் கறுப்பு. வளையம் தடிமனாக, மேடுபள்ளமாக, உள்விளிம்பு பிய்த்துப்போட்டதுபோல் இருக்கும். பெரும்பாலும் முழுவட்டம்.

இன்னொருவர் முற்றிலும் வேறு. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை உடம்பின் எதிர்ப்பு அணுக்களே அரிக்கும் நோய். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) இதில் முதன்மையானது. வழக்கமாக இதன் திட்டுகள் சிறியவை, பலவாக இருக்கும், பார்த்தவுடன் தெரியும். சிலருக்கு மட்டும் ஒரே திட்டு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிப் பெருத்து, சுற்றிலும் வீங்கி, கட்டியைப்போலவே வேஷம் கட்டி வரும். இதிலும் வளையம் உண்டு. ஆனால் இங்கே புதுக்குழாய் எதுவும் முளைக்கவில்லை. உள்ள சிறு சிரைகளின் சுவரை விலக்கிக்கொண்டு வெள்ளணுக்கள் உள்ளே நுழைகின்றன, தையல் சில வாரம் தளர்கிறது. அரிப்பு நடுவிலிருந்து வெளியே பரவுவதால் கசிவும் ஓரத்தில்தான்.

அறுவடை முடிந்த வயலில் தாளுக்குத் தீ வைத்தால் நடுவில் கரி, ஓரத்தில் மட்டும் நெருப்புக் கோடு. அந்தக் கோடு வரப்பைத் தொட்ட இடத்தில் அணைந்துவிடும், எரிய அங்கே தாள் இல்லை. மயலின் நிறைந்திருப்பது மூளையின் வெண்பொருளில். மேலே போர்த்தியிருக்கும் சாம்பற்பொருளில் மயலின் குறைவு. ஆகவே அரிப்பு வெண்பொருள் பக்கம் ஒளிரும் வில்லாக நிற்கிறது. சாம்பற்பொருள் பக்கம் வளையம் வாய்திறந்து கிடக்கிறது. குதிரை லாடம்போல, முழுசாக மூடாத வட்டம். ஜோசஃப் மஸ்டியூ என்ற நரம்பியல் மருத்துவர் 1996-இலும் 2000-இலும் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு இந்தத் 'திறந்த வளையம்' பாடப்புத்தக அடையாளமாகிவிட்டது. அதற்கு முன்பும் அந்தப் பிறை படங்களில் இருந்திருக்கும். எங்கே மூடவில்லை என்று பார்க்கச் சொல்லித்தர ஒருவர் வேண்டியிருந்தது.

வளையத்தைப் படிப்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. வலிப்போடு வருகிற நோயாளியின் சி.டி.யில் அயோடின் ஏற்றினால் ஒளிரும் ஒற்றைச் சிறு வளையத்தை ஒரு காலத்தில் காசநோய்க் கட்டி என்றே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சாண்டி, ராஜசேகர் குழுவினர் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அத்தகைய திட்டுகளை எடுத்துச் சோதித்தபோது பலவும் நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியதால் வந்தவை. 20 மில்லிமீட்டருக்குக் குறைவு, ஒழுங்கான விளிம்பு, மூளை நடுக்கோட்டைத் தள்ளாதது என்று அவர்கள் வகுத்த அளவுகோல் எத்தனையோ பேரைத் தேவையில்லாத மருந்திலிருந்தும் அறுவையிலிருந்தும் காத்தது. இந்தியாவில் வளையம் என்றாலே காசநோய், நாடாப்புழு, சீழ்க்கட்டி மூன்றும் பட்டியலில் ஏறிவிடும். மேலைநாட்டுப் புத்தகத்தில் இரண்டு பேருக்குள் நடக்கும் வழக்கு, இங்கே ஐந்து பேருக்குள் நடக்கிறது.

வழக்கைத் தவறாகத் தீர்த்தால் என்ன ஆகும்? கிளையோபிளாஸ்டோமா என்றால் அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலமைட் என்ற புற்று மருந்து. இவ்வளவும் செய்தும் பாதிப்பேர் ஏறக்குறைய பதினைந்து மாதத்தைத் தாண்டுவதில்லை. மயலின் நோய் என்றால் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு நாளைக்கு ஒரு கிராம் வீதம் சில நாள். கேட்கவில்லை என்றால் பிளாஸ்மா மாற்று. பலர் எழுந்து நடந்து வேலைக்குப் போகிறார்கள். மயலின் நோயைக் கட்டி என்று நினைத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் நிலைமை மோசமாகும். அப்படி நடந்தவையும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கட்டியை மயலின் நோய் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துக் காத்திருந்தால் விலைமதிப்பற்ற வாரங்கள் போகும்.

அதனால் நம் பெண்ணின் படத்தைப் பார்த்தவுடன் நரம்பியல் அறுவை மருத்துவருக்கும் ரேடியாலஜிஸ்டுக்கும் நடுவே தொலைபேசி இப்படித்தான் போகும்:

"சார், அந்த ஃப்ரான்டல் கேஸ். நாளைக்கு பயாப்ஸி போட்டிருக்கேன். ஹை கிரேடுதானே?"

"அவசரப்படாதீங்க. வளையம் மூடலை, கார்டெக்ஸ் பக்கம் விட்டுப்போயிருக்கு. இவ்வளவு பெரிய திட்டுக்கு வீக்கமும் கம்மி. பெர்ஃப்யூஷன்ல ரத்தம் ஏறவே இல்லை. பிளெயின் சி.டி. ஒண்ணு எடுத்து அனுப்புங்க. ஸ்டீராய்டு ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"நல்லது. லிம்ஃபோமா இல்லைன்னு தெரியற வரைக்கும் வேண்டாம்."

அந்தச் சிறு உரையாடலுக்குள் நிறைய இருக்கிறது. கார்டெக்ஸ் என்றது மேலே போர்த்தியிருக்கும் சாம்பற்பொருளை. பெர்ஃப்யூஷன் என்பது அதே காடோலினியத்தின் இன்னொரு முகம். நொடிக்கு நாலைந்து மில்லி வேகத்தில் தள்ளினால், அடர்த்தியாகக் குழாய்க்குள் பாயும் அந்தச் சில நொடிகளில் அது சுற்றியுள்ள காந்தப்புலத்தையே குலைத்துவிடும். அதற்கென்று எடுக்கும் படத்தில் வெளிச்சத்துக்குப் பதில் கறுப்பு விழும். எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு ரத்தம். புதுக்குழாய் முளைத்த கட்டி நன்றாகக் கறுக்கும், மயலின் நோய் கறுக்காது. அதோடு, மயலின் திட்டின் நடுவே சிரைகள் இடம் மாறாமல், வளையாமல் நேராக ஓடுவதும் தெரியும். கட்டி என்றால் அவற்றை ஒதுக்கித் தள்ளியிருக்கும். ஐந்து நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் அதே மருந்து வெளிச்சமாக நிற்கும். ஒரே ஊசி, முதலில் கறுத்து ஒரு சாட்சி, பிறகு வெளுத்து ஒரு சாட்சி.

பிளெயின் சி.டி. கேட்டது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எம்.ஆர்.ஐ.யில் மருந்து ஒளிர்ந்த அதே இடம், மருந்தில்லாத சாதாரண சி.டி.யில் கறுத்திருந்தால் மயலின் நோயின் பக்கம் எடை கூடும். செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கட்டி அங்கே அவ்வளவு கறுப்பதில்லை. 2009-இல் தென்கொரிய ரேடியாலஜிஸ்டுகள் இதைச் சீராக ஒப்பிட்டு எழுதினார்கள். லட்சங்களில் வாங்கிய மென்பொருள் தயங்கும் இடத்தில், மாவட்ட மருத்துவமனையிலும் கிடைக்கிற சி.டி. ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. இதை இன்னும் அதிகம் பேர் பயன்படுத்த வேண்டும்.

ஸ்டீராய்டு கேள்விதான் பெரிய கண்ணி. லிம்ஃபோமா எனும் இன்னொரு மூளைப் புற்று, நோயெதிர்ப்பு நன்றாக உள்ளவர்களிடம் பெரும்பாலும் வளையமாக வராமல் முழுத் திட்டாக ஒளிரும். ஆனால் ஸ்டீராய்டு கொடுத்தால் மயலின் நோயைப் போலவே அதுவும் சுருங்கும், ஒளியும் மங்கும். குடும்பம் சந்தோஷப்படும். பிறகு பயாப்ஸி எடுத்தால் புற்றணுக்கள் கிடைக்காமல் போகலாம். சில மாதத்தில் வேறோர் இடத்தில் திரும்பி வரும். சுருங்கியதே சான்று என்று நம்பியவர்களுக்கு அது நல்ல அடி.

பயாப்ஸி எடுத்தாலும் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஊசி முனையில் வந்த அரிசியளவுத் திசுவில், மயலின் நோயில் பெருத்துப் பிரியும் துணைச் செல்கள் கட்டிச் செல்களைப்போலவே கண்ணில் படும். அவசரப் பரிசோதனையில் கிளையோமா வகைக் கட்டி என்று எழுதிவிட்டால் அடுத்த நாள் மண்டையோடு திறக்கப்படும். நோயியல் மருத்துவர் நின்று நிதானித்து மயலினுக்கு ஒரு சாயம், குப்பை தின்னும் அணுக்களுக்கு ஒரு சாயம், நரம்பிழைக்கு ஒன்று என்று போட்டுப் பார்த்தால் உண்மை வரும். உறை போயிருக்கும், உள்ளிழை பெருமளவு பிழைத்திருக்கும், கரைந்த உறையை விழுங்கிய அணுக்கள் மண்டிக் கிடக்கும். 1993-இல் கெபெஷ் 31 நோயாளிகளையும், 2008-இல் மேயோ கிளினிக்கின் லூக்கினெட்டி குழு 168 நோயாளிகளையும் வைத்து எழுதிய கட்டுரைகள் இந்த வேஷதாரியை விரிவாகக் காட்டின. இரண்டாவது கட்டுரையில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் எம்.எஸ். உறுதியானது.

திறந்த வளையமும் சட்டம் அல்ல. மயலின் நோயில் மூடிய வளையமும் வரும். சில கட்டிகளும் சீழ்க்கட்டிகளும் வாய்திறந்து நிற்கும். அதனால்தான் அறிக்கையின் கடைசி வரியில் "கிளினிக்கல் கோரிலேஷன் தேவை" என்று எழுதுகிறார்கள். தப்பித்துக்கொள்ளும் வரி என்று கிண்டல் செய்வார்கள். இந்த நோயில் அது வெறும் உண்மை. முதுகுத்தண்டு நீரில் குறிப்பிட்ட புரதப் பட்டைகள் இருக்கின்றனவா, முன்பு எப்போதாவது ஒரு கண் மங்கித் தெளிந்ததா, தண்டுவடத்தில் பழைய திட்டு உண்டா என்று கேட்பவரே விடைக்கு அருகில் போவார். காலமும் சாட்சிதான். எம்.எஸ். திட்டில் கசிவு சில வாரத்தில் நின்றுவிடும். மூன்று மாதம் தாண்டியும் ஒளிர்ந்துகொண்டிருந்தால் முதல் முடிவை மறுபடி யோசிக்க வேண்டும்.

இதற்குள் நம் ஒரு கிராம் தலையை விட்டுப் போய்விட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். சிறுநீரகம் சரியாக இருந்தால் ஒரே நாளில் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் சிறுநீரில் போய்விடும்.

சிறுநீரகம் சரியில்லை என்றால்? 1997 முதல் அமெரிக்காவில் சிறுநீரகம் பழுதடைந்த சிலருக்குத் தோல் பலகையாக இறுகி, மூட்டை மடக்க முடியாமல் போனது. 2000-இல் அதை ஒரு புது நோயாக லான்செட்டில் எழுதினார்கள், காரணம் தெரியவில்லை. 2006-இல் ஆஸ்திரியாவின் குரோப்னர்தான் அவர்களுக்கு முன்பு ஏற்றப்பட்ட காடோலினியத்தைச் சுட்டினார். வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் உடம்புக்குள் சுற்றியபோது நீள நூல் வகைக் கட்டு அவிழ்ந்து உலோகம் கழன்றிருந்தது. இன்று ஸ்கேனுக்கு முன் கிரியேட்டினின் கேட்பதன் காரணம் இதுதான். 2014-இல் ஜப்பானின் கண்டா இன்னொன்றைக் காட்டினார்: சிறுநீரகம் நன்றாக இருந்தும், பலமுறை மருந்து ஏற்றப்பட்டவர்களின் சிறுமூளைக்குள் ஒரு சிறு கரு, மருந்தே ஏற்றாத படத்திலும் வெளிச்சமாகத் தெரிந்தது. அதனால் யாருக்கும் கெடுதி வந்ததாக நிரூபணம் இல்லை. என்றாலும் 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை நூல் வகைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவைத்தது. 1989-இல் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த மூடிய கூண்டுதான் இப்போது வழக்கம்.

சிறுநீரோடு போனது எங்கே போகிறது? உடம்புக்குள் அவிழாத கூண்டு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலும் அவிழாது; அப்படியே ஆற்றுக்குப் போகும். 1996-இல் மைக்கேல் பாவும் பீட்டர் டுல்ஸ்கியும் பெர்லின் பகுதி ஆறுகளின் நீரில் அருமண் உலோகங்களை அளந்தபோது மற்றவை எல்லாம் இயற்கை அளவில் இருக்க, காடோலினியம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் எம்.ஆர்.ஐ. எந்திரங்கள். பிறகு அந்நகரத்துக் குழாய் நீரிலும் கண்டார்கள். 2019-இல் ஜெர்மன் நகரங்களின் துரித உணவுக் கடைக் கோலா பானங்களிலும் அது இருந்தது. அளவு மிக மிகச் சொற்பம். நிலத்தடி நீர் ஆய்வாளர்களுக்கு இது ஒரு வசதிகூட. ஓர் ஆற்றிலோ கிணற்றிலோ கழிவுநீர் கலந்திருக்கிறதா என்று அறிய இப்போது காடோலினியத்தைத் தேடுகிறார்கள். மூளையில் செய்த அதே வேலையை ஆற்றிலும் செய்கிறது.

ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிக்கொண்டவர்களிடம் சிறுநீர் பிடிக்கும் பைகளைக் கொடுத்து, முதல் ஒரு நாள் அதைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். வேதியியல் பக்கத்திலிருந்தும் வேலை நடக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காடோபிக்லினால் என்ற புதிய மருந்தில் உலோகத்தைச் சுற்றி நீருக்கு ஓர் இடத்துக்குப் பதில் இரண்டு இடம். அதனால் பாதி அளவே போதும், அதாவது அறுபது கிலோவுக்கு அரைக் கிராம்.

2021-இல் எம்.எஸ். ஸ்கேன் குறித்து ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் உறுதியானவர்களுக்கு வருடாந்தரத் தொடர் ஸ்கேனில் காடோலினியத்தைத் தேவை இருந்தால் மட்டும் ஏற்றச் சொல்கிறது. புதுத் திட்டு வந்திருக்கிறதா என்று அறிய, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். முதல் ஸ்கேனில் அப்படி விட்டுவிட முடியாது. நான்கு சென்டிமீட்டர் திட்டோடு வந்து நிற்பவருக்கு ஊசி போட்டே ஆக வேண்டும். சில வாரம் கழித்து வளையம் மங்கியதா என்று பார்க்க இன்னொரு முறையும் போட வேண்டியிருக்கும்.